கடல் இல்லாத ஊரில் ஒரு மாலை

ஜப்பானுக்குப் பிள்ளைகளோடு சுற்றுலா வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் நாராவை ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். காலை பத்து மணிக்குக் கியோட்டோவிலிருந்து ரயில். பெரிய புத்தர், மானுக்கு பிஸ்கெட், நாலு போட்டோ. சாயங்காலம் நாலரைக்குத் திரும்ப ரயில். நானும் இரண்டு தடவை அப்படித்தான் போய் வந்திருக்கிறேன். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஐந்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு, இந்த ஊரில் இன்னொரு ஊர் வெளியே வருகிறது. போன நவம்பரில் முதல் தடவையாக ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தோம். அந்த ஒரு மாலையைப் பற்றி, முக்கியமாக அன்று என்ன சாப்பிட்டோம் என்பதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் யார் யார் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, 1980களில் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். நான் வளர்ந்தது சிங்கப்பூர். முதுகலை படிக்க டோக்கியோ வந்தேன், மென்பொருள் வேலை கிடைத்தது, குடும்பமும் இங்கேயே ஆகிவிட்டது. மகளுக்கு எட்டு வயது. பிறந்ததும் படிக்கிறதும் டோக்கியோதான். மூன்று தலைமுறை, மூன்று ஊர். இதைப் படிக்கிற பல வீடுகளில் ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் வேறாக இருக்கும்.

அம்மா போன பிறகு அப்பா சிங்கப்பூரில் தனியாக இருக்கிறார். சிங்கப்பூர்க் குடிமக்கள் விசா இல்லாமல் ஜப்பானில் 90 நாள் தங்கலாம். "வருஷத்துல ஒரு தடவையாவது வந்து மூணு மாசம் எங்களோட இருங்கப்பா" என்று நானும் மனைவியும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அவரிடம் ஒரே பதில்தான். "வரலாம்டா. ஆனா அங்க நான் என்னத்தச் சாப்பிடுறது?"

அப்பா சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. வீட்டில் சமைத்துக்கொள்ளலாம், அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் வெளியே கால் வைத்தால் வெறும் வயிறு என்றால் ஒரு ஊரில் மூன்று மாதம் எப்படி இருப்பது? பேத்தியை ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிக்கொண்டு போவது? நியாயமான கேள்வி. அதனால் நவம்பர் 3, பண்பாட்டு நாள் விடுமுறையோடு சேர்ந்து வந்த நீண்ட வார இறுதியில், அவரை நாராவுக்கு அழைத்துப்போனபோது, என் மனதில் கோயில்களைவிட ராத்திரிச் சாப்பாடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கின்டெட்சு நாரா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு நீரூற்று, அதன் நடுவில் ஒரு துறவியின் சிலை. உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்க வரச்சொல்லும் இடம் அதுதான். அந்தத் துறவியின் பெயர் கியோகி. நமக்கு அவரோடு ஒரு சம்பந்தம் உண்டு. போதிசேனர் என்ற இந்தியத் துறவி, சீனாவிலிருந்து ஜப்பானியத் தூதுக்குழுவோடு 736இல் கப்பலேறி, நானிவா துறையில், அதாவது இன்றைய ஒசாகாவில், வந்து இறங்கினார். அவரை எதிர்கொண்டு வரவேற்றவர் இந்தக் கியோகி என்று சொல்கிறார்கள்.

அப்போது நாராதான் தலைநகரம். 710இல் தொடங்கி 784 வரை, நடுவில் சில வருடங்கள் தவிர, நாட்டை ஆண்டது இங்கிருந்துதான். 752இல் தோடாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தபோது, தூரிகையைக் கையில் பிடித்தவர் போதிசேனர். அந்தத் தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோரும் சேர்ந்து கண் திறந்த மாதிரி. தூரிகையும் கயிறும் இன்றும் ஷோசோயின் என்ற கருவூலத்தில் பத்திரமாக இருக்கின்றன. போதிசேனர் இந்தியாவுக்குத் திரும்பவில்லை. 760இல் இங்கேயே காலமானார்.

நடந்துகொண்டே இதை அப்பாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல ஸ்தபதி கண் திறக்கிற மாதிரி" என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். அப்புறம் கேட்டார், "இருபத்து நாலு வருஷம் இங்க இருந்திருக்கார். என்ன சாப்பிட்டார்?" அதற்குள் சிக்னல் பச்சையாகிவிட்டது.

தோடாய்ஜி மண்டபம் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். நாங்கள் நாலு மணிக்குள் போய்விட்டோம். சிலை சுமார் 15 மீட்டர் உயரம். மண்டபம் இரண்டு தடவை போரில் எரிந்து, இப்போது இருப்பது 1709இல் கட்டி முடித்தது. வெளியே வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. பிஸ்கெட் விற்கிற அம்மாக்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கட்டு ஒன்று வாங்கி மகளிடம் கொடுத்தோம், 200 யென். அரிசித் தவிடும் மாவும்தான், சர்க்கரை கிடையாது. மகள் தலை குனிந்தாள், மானும் தலை குனிந்தது, பிஸ்கெட் போனது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிஸ்கெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள், மான் பின்பக்கம் வந்து கடிக்கும். தீர்ந்துவிட்டால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் போதும், விட்டுவிடும். இலையுதிர் காலம் அவை ஜோடி சேரும் பருவம். ஆண் மான்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் இங்கே இருக்கின்றன. யாருடைய வளர்ப்பும் இல்லை, காட்டு மான்கள்தான். கசுகா கோயில் தெய்வம் வெள்ளை மான் மேல் ஏறி வந்ததாக ஐதீகம், அதனால் தெய்வத்தின் தூதர்கள் என்று ஊரே பார்த்துக்கொள்கிறது. பகலில் பார்த்தால் பிஸ்கெட்டுக்குப் பிச்சை எடுக்கிற கூட்டமாகத் தெரியும். கூட்டம் கலைந்ததும் அதே மான்கள் நம்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கும்பல் கும்பலாகப் புல்லில் மடங்கி உட்கார்ந்துவிடுகின்றன. எங்கோ ஒரு ஆண் மான் விசில் ஊதுகிற மாதிரி நீளமாகக் கத்தியது. அப்பா நின்று கேட்டார். "இதுக்குத் தங்கலாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கோஃபுகுஜி வழியாக இறங்கினோம். 1426இல் மறுபடி கட்டிய ஐந்தடுக்குக் கோபுரம், பழுதுபார்க்கும் வேலை நடப்பதால், சாரத்துக்குள் மறைந்து நிற்கிறது. கோபுரம் திரும்ப வெளியே வரப் பல வருடம் ஆகும். சன்ஜோ வீதி முனையில் நகாதானிதோ என்ற மோச்சிக் கடை. பெரிய உரல் ஒன்றில் வெந்த அரிசி, இரண்டு பேர் நீளமான மரச் சம்மட்டியால் மாற்றி மாற்றிக் குத்துகிறார்கள், இன்னொருவர் அந்த இடைவெளியில் கையை விட்டு மாவைத் திருப்பிப் போடுகிறார். அவர் கை தப்புவதைப் பார்க்கவே தெருவில் கூட்டம். யொமொகி என்ற ஒரு கீரை சேர்ப்பதால் மாவு பச்சை. உள்ளே சிவப்புப் பயறு வேகவைத்து இனிப்புப் போட்ட பூரணம், மேலே வறுத்த சோயா மாவு.

அப்பா ஒன்றை வாயில் போட்டு மென்று முடித்துவிட்டு, "கொழுக்கட்டை. பொட்டுக்கடலை மாவுல பொரட்டியிருக்கான்" என்றார். இன்னொன்று வாங்கிக்கொண்டார். சைவக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. ஜப்பானில் பாரம்பரிய இனிப்புகளில் பெரும்பாலும் அரிசி, பயறு, சர்க்கரை, கடல்பாசி இவ்வளவுதான். சிக்கல் எல்லாம் உப்புப் பண்டங்களில்தான்.

அதற்குக் காரணம் டாஷி. நம் வீட்டில் பருப்பும் புளியும் எப்படியோ, இங்கே டாஷி அப்படி. சூப், குழம்பு, நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற சாறு. பெரும்பாலும் கட்சுவோ என்ற மீனைப் புகைபோட்டு, மரக்கட்டை மாதிரி காயவைத்து, சீவிக் கொதிக்க வைத்து எடுப்பது. இலங்கைத் தமிழர் வீடுகளில் மாசிக் கருவாடு தெரியும் அல்லவா, அதே சூரை மீன்தான். கிண்ணத்தில் மீன் துண்டு இருக்காது. கீரைப் பொரியல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதற்குள் மீன் இருக்கும்.

பௌத்த நாடு, சைவம் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் திகைத்துப் போகிறார்கள். 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் வருடத்தில் பாதி மாதங்களுக்குச் சாப்பிடக் கூடாது என்று ஆணை போட்டார். அதற்குப் பிறகு இறைச்சி விலக்கு பல வடிவங்களில் பல நூற்றாண்டு நீண்டது. மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று ஊரறியச் சொன்னது 1872இல்தான். ஆனால் அந்த ஆணையில் மீன் இல்லை. அதனால் "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று நீங்கள் சொன்னால், கடைக்காரர் நல்ல மனதோடு மீன் கொண்டுவந்து வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சரித்திரத்தில் மீன் வேறு கணக்கு.

சன்ஜோ வீதியிலேயே ஒரு கடையில் கக்கினோஹா சுஷி வாங்கினோம், ஆறு துண்டு உள்ள சின்னப் பெட்டி. எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும். சாருசாவா குளக்கரைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். சுற்றளவு 360 மீட்டர்தான், நம்ம ஊர்க் கோயில் குளம் மாதிரி. விளக்கு போட்டிருந்தார்கள். பக்கத்தில் கோஃபுகுஜிக்கு ஏறுகிற 52 படிகள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மகள் பள்ளியில் மதியச் சாப்பாடு பள்ளியே போடுவது, கியூஷோகு என்பார்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, பிள்ளைகளே பரிமாறிக்கொள்வார்கள். அவள் முதல் வகுப்பு சேர்ந்தபோதே அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டோம், பள்ளியில் மீன் சாப்பிடுகிறாள், பிடித்தும் சாப்பிடுகிறாள் என்று. அவர் "ம்" என்றதோடு சரி. ஆனால் கேட்பது வேறு, எதிரில் பார்ப்பது வேறு. அவர் வரும்போது வீட்டில் நாங்கள் மீன் சமைப்பதில்லை. எனவே இதுவரை பார்த்ததில்லை.

மகளுக்கும் இது தெரியும். பெட்டியைத் திறந்துவிட்டுத் தாத்தாவைப் பார்த்தாள். "தாத்தா, இது சாபா. மீன். நான் சாப்பிடட்டுமா? உங்களுக்கு ஓகேயா?"

"பசிக்குதா?"

"ம்."

"அப்புறம் என்ன, சாப்பிடு."

பெட்டிக்குள் ஒவ்வொரு துண்டும் பச்சை இலையில் பொட்டலமாக மடித்திருக்கும். அவளுக்குப் பிரிக்க வரவில்லை. அப்பா வாங்கி, மடிப்பை எடுத்து, பிரித்து அவள் கையில் கொடுத்தார். இலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. சந்தோஷமாகப் பார்த்தார் என்றும் சொல்ல மாட்டேன்.

"என்ன இலை இது?"

"கக்கி மரத்து இலைப்பா. சீமைப் பனிச்சைன்னு சொல்றாங்களே, அந்தப் பழம்."

"கடல் எவ்வளவு தூரம் இங்கேர்ந்து?"

நல்ல கேள்வி கேட்டார். ஜப்பானில் கடலே தொடாத மாநிலங்கள் எட்டு. அதில் நாரா ஒன்று. தெற்கே யோஷினோ மலைகள், அதற்கு அந்தப் பக்கம் குமானோ கடற்கரை. அங்கே பிடித்த கானாங்கெளுத்தி மீனை உப்புப் போட்டு, மலைப்பாதையில் ஆட்கள் சுமந்து கொண்டுவருவார்கள். வந்து சேரும்போது உப்பு ஏறிக் கரிக்கும். அப்படியே சாப்பிட முடியாது. அதை மெலிசாகச் சீவி, காடி கலந்த சோற்று உருண்டை மேல் வைத்து, கொல்லையில் இருந்த மரத்தின் இலையில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி மேலே கல் வைத்து அழுத்தினார்கள். உப்பு சோற்றில் இறங்கியது. இலையில் இருக்கிற துவர்ப்புச் சத்து கெடாமல் காத்தது. கோடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு செய்தார்கள். இன்று ஊரின் அடையாளமே அதுதான். ஒன்று மட்டும், இலையைச் சாப்பிடக் கூடாது, வாழையிலை மாதிரி பிரித்துப் போட்டுவிட வேண்டும்.

அப்பா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டுச்சோறு" என்றார். "நமக்குப் புளி, நல்லெண்ணெய். இவங்களுக்கு உப்பு, காடி, இலை. எங்கேர்ந்தோ வந்ததை இருக்கிறதை வெச்சுக் காப்பாத்தியிருக்காங்க." மகள் மூன்று துண்டு சாப்பிட்டு முடிக்கிற வரை பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

குளத்துக்குத் தெற்கே நாராமாச்சி. பழைய கங்கோஜி கோயில் வளாகமாக இருந்த இடத்தில் வளர்ந்த வியாபாரிகள் குடியிருப்பு. முன்பக்கம் குறுகலாக, உள்ளே நீண்டுகொண்டே போகிற மர வீடுகள், வாசலில் மரச்சட்டக் கிராதி. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. ஆறு மணிக்கே கடைகள் சாத்திவிட்டார்கள். விளக்கு குறைவு, எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. கங்கோஜியின் கூரையில் சில ஓடுகள் 1,400 வருடத்துக்கு முன்னால் சுட்டவை, இன்னும் மழை தாங்குகின்றன. இருட்டில் தெரியவில்லை, சொல்லிக்கொண்டு நடந்தோம்.

வீட்டு வாசல்களில் சிவப்புத் துணியில் பஞ்சு அடைத்த சின்னப் பொம்மைகள் கயிற்றில் தொங்கும். மிகவாரி சாரு, அதாவது 'நமக்குப் பதிலான குரங்கு'. வீட்டுக்கு வருகிற கெடுதலைத் தான் வாங்கிக்கொள்ளுமாம். நம் வாசல் திருஷ்டிப் பூசணிக்காய்க்குச் சொந்தக்காரன். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை குரங்கு தொங்கவிடுவது வழக்கம். மகளுக்கு இது கிடைத்ததும் கால் வலி மறந்துபோனது. ஒவ்வொரு வாசலிலும் எண்ண ஆரம்பித்தாள். "இந்த வீட்ல அஞ்சு பேர். இங்க மூணு. தாத்தா, இங்க ஒருத்தர் மட்டும்தான்."

"நம்ம வீட்ல மாட்டினா எத்தனை மாட்டணும்?" என்று அப்பா கேட்டார்.

"மூணு." நின்று யோசித்தாள். "தாத்தா, நீங்க எங்க வீடா, சிங்கப்பூர் வீடா?"

அப்பா சிரித்தார். பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்திருந்தது. வாசலில் துணித் திரை, உள்ளே எட்டு பேர் உட்காரலாம், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா தனியாக நடத்துகிறார். சுவரில் எழுதியிருந்ததில் மீவா சோமென் இருந்தது. மீவா நாராவுக்குத் தெற்கே இருக்கிற ஊர். ஜப்பானில் சோமென் பிறந்த இடமே அதுதான் என்று சொல்வார்கள். கோதுமை மாவை எண்ணெய் தொட்டு இழுத்து இழுத்து நூலாக்கி, குளிர்காலக் காற்றில் காயப்போடுவது. சூடான சாற்றில் போட்டுக் கொடுத்தால் பெயர் நியூமென். பக்கத்து மேசையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆவி பறக்கிற கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று நூல், இடியாப்பம் மாதிரி. அப்பா கண் அதிலேயே இருந்தது. வெளியே நல்ல குளிர். மத்தியானம் அவர் சாப்பிட்டது நாங்கள் கட்டிக்கொண்டு போன இரண்டு சப்பாத்தி, அப்புறம் மோச்சி.

"அது என்னடா? அதைச் சொல்லேன் எனக்கு."

அந்த அம்மாவிடம் கேட்டேன். கொம்பு கடற்பாசியும் கட்சுவோவும் சேர்த்து எடுத்த சாறு என்றார். அப்படியே அப்பாவிடம் சொன்னேன். "நூல்ல ஒண்ணும் இல்லப்பா. தண்ணியில மீன் இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாது மாமா, வாசனையும் அவ்வளவா வராது. ஆனா இருக்கு" என்றாள் மனைவி.

அவர் இன்னொரு தடவை அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். "வேண்டாம். தெரிஞ்சுக்கிட்டு முடியாது."

பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்துப்போகிற நண்பர்கள் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள், "சொல்லாம விட்டா அவங்களுக்குத் தெரியவா போகுது, பாவம் பசியோட இருக்காங்களே" என்று. பிரியத்தில் சொல்வதுதான். ஆனால் எனக்கு அது ஒத்துவராது. மொழி தெரியாத ஊரில் அவர்கள் நம் வாயை நம்பித்தான் தட்டில் கை வைக்கிறார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டால் அடுத்த தடவை அவர்கள் வரவே மாட்டார்கள். வந்தாலும் சப்பாத்தியைத் தாண்ட மாட்டார்கள்.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் பேச ஆரம்பித்துவிட்டாள். என் ஜப்பானிய மொழி ஆபீஸ் மொழி, இலக்கணமாக இருக்கும். அவளுடையது இந்த ஊர்ப் பிள்ளை பேசுகிற பேச்சு. எங்க தாத்தா மீன் சாப்பிட மாட்டார், டாஷிகூடக் கிடையாது, முட்டையும் கிடையாது, ஆனா ரொம்பப் பசி என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா அப்பாவையே பார்த்துக் கேட்டார், சாகாயு சாப்பிடுவீர்களா, இருபத்தைந்து நிமிஷம் ஆகும், காலையில் வைப்பது, இப்போது புதிதாகத்தான் வைக்க வேண்டும் என்று.

சாகாயு என்றால் தேயிலைக் கஞ்சி. நாராவின் பழைய பெயர் யமாதோ. யமாதோவின் பொழுது தேயிலைக் கஞ்சியோடுதான் விடியும் என்று இங்கே ஒரு வழக்கு உண்டு. வறுத்த தேயிலையைச் சின்னத் துணிப்பையில் கட்டிக் கொதிக்க விட்டு, நிறம் இறங்கியதும் அரிசியைப் போட்டு, கிளறாமல் வேகவிடுவார்கள். கிளறினால் குழைந்துவிடும். சோறு தனித்தனியாக, தண்ணீர் நிறைய, கொஞ்சம் உப்பு. டாஷி கிடையாது.

கூட வைக்கிறவற்றை மகளும் அந்த அம்மாவும் ஒவ்வொன்றாகப் பேசி முடிவு செய்தார்கள். வேகவைத்த பூசணிக்காயில் கட்சுவோ, கூடாது. எள்ளை அரைத்து, யோஷினோவில் கிடைக்கிற குட்சுக் கிழங்கு மாவு போட்டுக் கிண்டிய எள்ளுத் தோஃபு, கடற்பாசிச் சாறு மட்டும், வைக்கலாம். உப்பில் ஊறிய உமே காய், வைக்கலாம். அப்புறம் நாராசுகே. வெள்ளரி மாதிரி ஒரு காயை சாக்கே மது வடித்த சக்கையில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கருக்க எடுப்பது. எட்டாம் நூற்றாண்டு இளவரசர் நாகாயாவின் மாளிகை இருந்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்த மரச்சீட்டுகளிலேயே சக்கையில் ஊறிய காய் எழுதியிருக்கிறது. மீன் இல்லை, ஆனால் மது வாடை தூக்கும், போதையும் கொஞ்சம் நிற்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "இது உனக்கு."

கஞ்சி வந்தது. சிவந்த பழுப்பு நிறம். அப்பா ஒரு வாய் குடித்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாய். பிறகு பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தார், எங்கே போனாலும் கூடவே வருகிற மிளகுசீரகப் பொடி. எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, ஆனால் அந்த அம்மா எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். மகள், "கோஷோ" என்றாள், மிளகு. அவர் உள்ளங்கையை நீட்டி ஒரு சிட்டிகை வாங்கி முகர்ந்தார்.

மிளகு நாராவுக்குப் புதிதில்லை. 756இல் பேரரசி கோம்யோ, காலமான கணவர் ஷோமுவின் நினைவாக, பெரிய புத்தருக்கு 60 வகை மருந்துகளைக் காணிக்கை வைத்தார். அந்தப் பட்டியலில் மிளகு இருக்கிறது, திப்பிலி இருக்கிறது, பட்டை இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்ட கொடியின் காய், கப்பல் மாறி மாறி இந்தக் கடலில்லாத ஊர் வரைக்கும் வந்து, மருந்துப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "கஞ்சிக்கு மிளகு. மருந்துதான்" என்றார். இரண்டாவது கிண்ணம் கேட்டார். ஆங்கிலத்தில் காஞ்சி என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் கஞ்சியிலிருந்து போனதுதான் என்று நான் சொன்னபோது, "அது தெரியும்டா, நீ சாப்பிடு" என்றார்.

மகள் தாத்தா கிண்ணத்திலிருந்து இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள். காரம் என்று தண்ணீர் குடித்தாள். பிறகு தன்னுடைய நியூமென் கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அவ ஊர் சாப்பாடு அவ சாப்பிடுறா." குறையாகவும் சொல்லவில்லை, பாராட்டாகவும் சொல்லவில்லை. ஒரே மேசையில் மூன்று பேர் மூன்று விதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் யாருக்காகவும் பொய் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நாராவில் சாப்பாட்டுக் கடைகள் சீக்கிரம் சாத்துவார்கள், ஆறரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். சைவம் என்றால் இப்படிச் சொல்லுங்கள், "நிகு மோ சகானா மோ தாபெமாசென்", இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன். பிறகு தனியாக, "கட்சுவோ டாஷி மோ தாமே தெஸ்", கட்சுவோ சாறும் கூடாது. போனில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. சாற்றைக் காலையிலேயே வைத்துவிடுவார்கள், உங்களுக்காக நீக்கித் தர முடியாது. இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாமல், வேறு என்ன முடியும் என்று கேளுங்கள். சாகாயு எங்கே கிடைக்கும் என்று தங்குமிடத்தில் முதல் நாளே கேட்டு வையுங்கள், பல இடங்களில் காலையில் மட்டும்தான். முடிந்தால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைக் கடையில் அப்பா நின்றார். யமாதோ வறுத்த தேயிலை இரண்டு பாக்கெட், கட்டிக் கொதிக்க விடுகிற துணிப்பை இரண்டு. பணத்தை அவரே கொடுத்தார். ரயிலில் உட்கார்ந்ததும் ஒரு பாக்கெட்டையும் ஒரு துணிப்பையையும் எடுத்து என் மனைவியிடம் நீட்டினார்.

"இது சிங்கப்பூருக்கு வேண்டாம்மா. உன் சமையலறையிலேயே இருக்கட்டும்."